மாணவர் வாசிப்பும் ஈழத்து விமர்சனமும்

(ஹெந்தளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடி நிறுவிய அறக்கட்டளை இது. அவருடைய பெயரை மேடையிலும் அச்சிலும் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அதை மதிக்கிறேன். என்னை அழைத்தவர்கள் தலைப்பை என்னிடமே விட்டுவிட்டு, "பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி இருந்தால் போதும், ஐயா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு உதவுகிறதோ இல்லையோ, பிள்ளைகள் எழுதியதைப் பற்றியே பேசுவது என்று வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கவிதையையோ கதையையோ படித்துவிட்டு மாணவர் எழுதும் நாலு வரியை நாம் 'விடை' என்று பார்த்துப் பழகிவிட்டோம். சரியா, பிழையா, எத்தனை புள்ளி என்பதோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரியை விமர்சனத்தின் முதல் வடிவமாகக் கொள்ள வேண்டும் என்கிறேன். இது புதிய யோசனையும் இல்லை. ஈழத்துத் தமிழ் விமர்சனத்தின் பெரும்பகுதி மாணவர் வாசிப்பிலிருந்தும் மாணவர் சஞ்சிகைகளிலிருந்தும்தான் முளைத்தது. இடையில் அதைக் கைவிட்டவர்கள் நாம்.

1. டியூட்டும் நூலும்

சாதாரண தர வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் பாரதியாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். 1882, எட்டயபுரம், மகாகவி, தேசியக் கவி, பெண் விடுதலை, சாதி ஒழிப்பு, எளிய நடை, முடிவுரை. எழுத்துப் பிழை இருக்காது. தகவல் பிழையும் இருக்காது. அடுத்த பிள்ளையின் தாளும் அப்படியே இருக்கும், அதற்கடுத்ததும் அப்படியே. கொட்டாஞ்சேனையில் கொடுக்கப்படும் டியூட் என்னும் தனியார் வகுப்புக் குறிப்பு வெள்ளவத்தைக்கும் போகிறது, பாலம் கடந்து வத்தளைக்கும் வருகிறது. நூலாசிரியர், கருப்பொருள், அணிகள், படிப்பினை என்று நாலு தலைப்பில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஒரு நாவலையே படிக்காமல் அந்த நாவலைப் பற்றி நல்ல விடை எழுதிவிடலாம்.

இதற்காக ஆசிரியர்கள் மீது நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், தவணைக்குள் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி என்னவென்று எனக்குத் தெரியும். தீவு முழுவதிலும் எழுதப்படும் பரீட்சைக்குப் புள்ளித் திட்டம் இல்லாமல் முடியாது, திருத்துகிறவருக்கு அளவுகோல் வேண்டும். பரீட்சைக்குப் பொருந்துகிற அந்த ஒழுங்கு, வகுப்பறைக்குள் வந்து வாசிப்பின் ஒழுங்காகவும் மாறிவிட்டதுதான் என் கவலை. ஆசிரியர் யார், கருப்பொருள் என்ன என்று கேட்டுத் தொடங்கினால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. யாரோ கண்டதை ஒப்புவிப்பதுதான் மிஞ்சுகிறது.

2. பெயரில்லாத தாள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1920களில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். எழுதியவர் பெயர், காலம், தலைப்பு எதுவும் தராமல் கவிதைகளை அச்சிட்டு மாணவரிடம் கொடுத்து, ஆறுதலாகப் படித்து மனத்தில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1929இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கில விமர்சனத்தின் போக்கையே மாற்றியது. ஜோன் டன், ஹொப்கின்ஸ் போன்ற பெரிய கவிஞர்களின் படைப்புகளை, பெயர் தெரியாத நிலையில் அந்த மாணவர் பலர் ஒதுக்கிவிட்டார்கள். சாவு என்றால் சோகம், இயற்கை என்றால் அழகு என்று, கவிதை சொல்லாததையும் தங்கள் கையிருப்பிலிருந்து எடுத்து எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் மாணவரிடமே அந்த நோய் இருந்தது. நம் பிள்ளைகளை மட்டும் நொந்துகொள்ள இடமில்லை. ரிச்சர்ட்ஸ் அந்தக் குறிப்புகளைத் திருத்தி ஒதுக்கிவிடாமல், மனிதர் எப்படி வாசிக்கிறார்கள் என்பதற்குச் சாட்சியமாக வைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இங்கே, ஹெந்தளையில், சனிக்கிழமை வாசிப்பு வகுப்பொன்றில் நானும் அப்படி ஒரு கவிதையைப் பெயரில்லாமல் கொடுத்தேன். மஹாகவியின் 'புள்ளி அளவில் ஒரு பூச்சி'. வகுப்பில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள். பாதிப் பேர் ஆங்கில மொழிமூலம் படிக்கிறவர்கள், வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம். கவிதையின் சங்கதி எளிது. எப்போதோ இறந்துபோன புலவன் ஒருவனின் நூலில் ஒருவர் ஆழ்ந்திருக்கிறார். தாளில் ஊர்ந்த சின்னஞ்சிறு பூச்சியொன்று அவர் கைபட்டு இறந்துவிடுகிறது. அவருக்கு மனம் ஆறவில்லை.

வழக்கமான குறிப்பேட்டில் இதற்குக் கருப்பொருள் 'உயிர்களிடத்து அன்பு' என்று இருக்கும். பிழையில்லை. ஆனால் பத்தாம் தர மாணவி ஒருவர் எழுதியது வேறு: "செத்துப்போன புலவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். இப்போது வரை உயிரோடு இருந்த பூச்சி ஒன்றும் பேசாமல் போய்விட்டது." இரண்டே வரிதான். கவிதை கட்டப்பட்டிருக்கும் முறையையே பிடித்துவிட்டார். புலவனின் பேச்சில் தொடங்கிப் பூச்சியின் மௌனத்துக்கு வரும் அந்தப் பாதையில்தான் துயரம் கூடுகிறது. 'உயிர்களிடத்து அன்பு' என்று எழுதி முடித்திருந்தால் அதைக் கண்டிருக்க முடியாது.

இன்னொரு மாணவன் கேள்வியாகவே எழுதினான்: "வாசித்தால் மனம் இளகும் என்கிறார்கள். இவர் வாசிப்பில் மூழ்கி இருந்ததால்தானே பூச்சி செத்தது?" இதற்கு வகுப்பில் பெரிய வாக்குவாதம் மூண்டது. மூழ்கியிருந்ததால் கவனிக்கவில்லை என்று ஒரு பக்கம். கவனிக்காதவர் பிறகு வருந்துவாரா, அந்த வாசிப்புத்தானே அவரை வருந்த வைத்தது என்று மறுபக்கம். இரு கட்சிக்காரரும் திரும்பத் திரும்பத் தாளைப் பார்த்துக்கொண்டார்கள், வரியைக் காட்டிப் பேசினார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பெயரைச் சொன்னேன். மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி, அளவெட்டிக்காரர், 1927இல் பிறந்தவர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர், நாற்பத்து நான்கு வயதில் 1971இல் காலமானவர். வழக்கமாகப் பிள்ளைகள் குறித்துக்கொண்டு மறந்துவிடும் விபரம் இது. அன்று, முதல் குறிப்பை எழுதிய அதே மாணவி கை உயர்த்தினார். "அப்ப சேர், இதை எழுதினவரும் இப்ப செத்த புலவர்தானே? அவரும் எங்களோட பேசிக்கொண்டுதானே இருக்கிறார்?"

சபையோரே, நூலாசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்போது வரவேண்டும் என்பதைத்தான் இந்தக் கேள்வி காட்டுகிறது. ஆசிரியர் இறந்த ஆண்டு கவிதையின் முதல் காட்சிக்குள் போய்ச் சேர்ந்தது, அதைச் சேர்த்தவர் ஒரு பிள்ளை. முதலிலேயே பலகையில் எழுதிப் போட்டிருந்தால் 1971 வெறும் எண்ணாகவே கிடந்திருக்கும்.

3. பேராதனையின் பாடம்

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனது. தமிழ்த்துறையில் கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன் போன்றோர் படிப்பித்த காலம். ஐம்பதுகளில் அங்கே மாணவராக இருந்தவர்களுள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முக்கியமானவர்கள். பின்னாளில் பேராசிரியர்களாக நாம் தலைவணங்கும் இருவரும் முதலில் வாசிப்பைப் பற்றி எழுதிப் பார்த்தது மாணவப் பருவத்தில்தான். தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' போன்ற மாணவர் மலர்கள் அந்தத் தலைமுறைக்குக் களமாக இருந்தன. 1959இல் 'தினகரன்' ஆசிரியராகும்போது கைலாசபதிக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் நடந்த வாதங்களைப் பத்திரிகைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார், இந்த மண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கு இடம் கொடுத்தார். 1962இல் பேராதனை மாணவர் தங்கள் கதைகளைத் தொகுத்து 'கதைப்பூங்கா' வெளியிட்டார்கள். செங்கை ஆழியானும் செம்பியன் செல்வனும் அந்த அணியிலிருந்து வந்தவர்கள்.

எழுதிக் காட்டிய வாசிப்பு இது. ஆடிக் காட்டிய வாசிப்பும் உண்டு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த வரிசையில் 'கர்ணன் போர்' 1962இல் வந்தது, 'இராவணேசன்' 1964இல். இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த மட்டக்களப்பு மௌனகுரு. கம்பனை வரிவரியாகப் படித்த ஒரு மாணவர், இராவணனை அரக்கன் என்று ஒதுக்கிவிட்டுப் போகாமல் பெருவீழ்ச்சி கண்ட ஒரு மனிதனாகத் தன் உடம்பில் தாங்கிக் காட்டினார். இராவணனின் பாத்திரப் பண்பு பற்றி எத்தனை பக்கக் கட்டுரை எழுதினாலும் அதற்கு ஈடாகாது என்பது என் துணிபு.

இதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அதே தலைமுறை வளர்த்த சமூகப் பார்வை, அவர்கள் கையில் கூர்மையான கருவியாக இருந்தது. வகுப்பறைக்கு இறங்கி வந்தபோது அது ஒரு படிவமாக உறைந்துவிட்டது. 'இப்படைப்பில் வெளிப்படும் சமூகப் பிரச்சினை யாது?' என்று எல்லாக் கதையையும் பார்த்துக் கேட்கிறோம். சாதி, சீதனம், வறுமை என்று பிள்ளை எழுதிவிட்டால் கதை தீர்ந்துவிடுகிறது. இந்த ஆபத்தை அன்றே உணர்ந்தவர் மு. தளையசிங்கம். புங்குடுதீவுக்காரர், பேராதனையில் படித்தவர், ஆசிரியர். 1956 முதல் 1963 வரையான எழுத்தை மதிப்பிட்டு அவர் எழுதிய 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' முற்போக்கு அணியோடு நேருக்கு நேர் மோதியது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. முப்பது வயதை எட்டாத ஒருவர், தன் காலத்தின் செல்வாக்குள்ள விமர்சகர்களோடு மாறுபட்டு, படித்ததை வைத்தே வாதாடியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகக் காட்ட வேண்டியது அந்தத் துணிவை.

பல்கலைக்கழகப் படி ஏறாதவர்களும் இந்த மரபில் உண்டு. யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றில் தொழில் செய்தபடியே படித்து, எழுதி, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா பின்னாளில் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தினார். எத்தனை இளைஞர் தங்கள் முதல் வாசிப்புக் குறிப்பை அந்தச் சஞ்சிகைக்கு அனுப்பியிருப்பார்கள்! அவருக்குத் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும், இன்று இவ்வளவோடு விடுகிறேன்.

4. வீட்டிலிருந்து வரும் அறிவு

மாணவர் குறிப்பை விமர்சனமாகக் கொள்ள இன்னொரு காரணம் இருக்கிறது. சில வேளைகளில் ஆசிரியருக்கும் தெரியாதது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை அதே வகுப்பில் படித்தோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் திறமையையும் நேர்மையையும் நிறுவையின் முன்னால் வைத்துப் பார்க்கும் கதை. தேயிலை நிறுப்பதைப் பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். பின்வரிசையில் அமைதியாக இருக்கும் ஒரு மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். அவனுடைய அம்மம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். கூடைக்கு என்று ஒரு கழிவு, இலையில் ஈரம் என்று இன்னொரு கழிவு. அன்றைக்குக் கேட்ட நிறை வராவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். மழை நாளில் இலை கனக்கும், ஆனால் கனத்தையெல்லாம் தண்ணீர்க் கணக்கில் வெட்டிவிடுவார்கள். இதையெல்லாம் அம்மம்மா சொல்லக் கேட்டு எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: "இந்தக் கதையில் தராசுதான் பெரிய ஆள். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள், அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை."

இந்த வாசிப்பை எந்த டியூட்டிலும் காண முடியாது. மலையக இலக்கியத்தின் கருப்பொருள் 'தொழிலாளர் படும் துன்பம்' என்று பொதுவாக எழுதுவதற்கும், துன்பம் எந்த இடத்தில் எப்படி அளக்கப்படுகிறது என்று காட்டுவதற்கும் எவ்வளவு தூரம்! ஆனால் அவன் கொப்பியை முதலில் பார்த்த ஒருவர் 'அரைப்பேர்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வளைத்து, 'பேச்சு வழக்கு, தவிர்க்கவும்' என்று ஓரத்தில் குறித்திருந்தார். அறுபதுகளில் இதே நாட்டில் 'இழிசனர் வழக்கு' என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. உழைக்கும் மக்களின் பேச்சு கதையில் வரலாமா என்று பண்டிதர்களும் எழுத்தாளர்களும் மோதினார்கள். எழுத்தாளர்கள் அந்தச் சண்டையில் வென்றார்கள், டானியலும் ராமையாவும் இன்று பாடமாகிவிட்டார்கள். அவர்களைப் படித்து எழுதும் பிள்ளையின் கொப்பியில் மட்டும் அந்தத் தடை நீடிப்பது நியாயமில்லை.

ஹெந்தளைப் பிள்ளைகளுக்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஊர் விட்டு வந்த குடும்பங்கள் பல இங்கே இருக்கின்றன. மலைநாட்டிலிருந்து, வடக்கிலிருந்து, கொட்டாஞ்சேனையில் வாடகை தாங்காமல் பாலம் கடந்து வந்தவை. இங்கு வளரும் பிள்ளைகள் இலக்கியம் என்றால் எங்கோ யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ நடக்கும் காரியம் என்று நினைக்கிறார்கள். 'காலங்கள் சாவதில்லை' எழுதிய தெளிவத்தை ஜோசப் வத்தளையில்தான் வாழ்ந்தார். 1934இல் ஊவா மலைப்பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர். லயத்து ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் படும் அவஸ்தையை 'மீன்கள்' கதையில் எழுதினார். 2013இல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 ஒக்டோபரில் காலமானார். நீங்கள் பஸ் பிடிக்கும் அதே சந்தியில் அவரும் நின்றிருப்பார். அவருடைய 'குடை நிழல்' நாவல், கொழும்பில் வாழும் தமிழன் ஒருவன் சந்தேகத்தின் பேரில் கொண்டுசெல்லப்படுவதையும் அவன் குடும்பம் தவிப்பதையும் சொல்கிறது. அதைப் படித்த மாணவி ஒருவர், "அப்பா ஏன் இன்னும் அடையாள அட்டையை எடுக்காமல் பாற்கடைக்கும் போகமாட்டார் என்று இப்போதுதான் விளங்குகிறது" என்று எழுதினார். அந்த வரியைப் பார்த்தபின் அவர் வீட்டில் தகப்பனும் மகளும் அந்தக் காலத்தைப் பற்றி முதல் தடவையாகப் பேசிக்கொண்டார்களாம். எத்தனை புள்ளி கொடுத்தால் அதற்குத் தகும்?

5. எதை எழுதினாலும் சரியா?

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கு இப்போது வந்திருக்கும். சரியில்லை என்பதுதான் என் பதில். மனத்தில் பட்டதெல்லாம் விமர்சனம் ஆகிவிடாது. தராசைப் பற்றி எழுதிய மாணவனிடம், "எந்தெந்த இடத்தில் எல்லோரும் தராசைப் பார்க்கிறார்கள், காட்டு" என்று கேட்டேன். அவன் கதைக்குத் திரும்பிப் போனான். இரண்டு இடம் காட்டினான், மூன்றாவது என்று நினைத்தது பொருந்தவில்லை, தானே விட்டுவிட்டான். "எங்கே இருக்கிறது, காட்டு" என்ற அந்த ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கும் பொறுப்பும் பொறுமையும் ஆசிரியருடையவை.

நேரத்துக்கு எங்கே போவது என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் சற்று முன் கேட்டார். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் இலக்கியத்துக்குரிய ஒரு பணியை இப்படிப் பெயரில்லாத தாளாகக் கொடுக்கலாம். பரீட்சைக்குரிய விடையை அதற்குரிய நாளில் பழக்கிக்கொள்ளலாம், இரண்டுக்கும் பகை இல்லை. வாக்குவாதத்தில் வரியைக் காட்டிப் பேசிப் பழகிய பிள்ளை பரீட்சையிலும் மேற்கோளை இடமறிந்து பயன்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

நூல் கிடைக்கவில்லை என்பதும் இனிக் காரணமாகாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் 'மல்லிகை', 'இளங்கதிர்' இதழ்களைக் கைத்தொலைபேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் இருக்கிறது.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவோடு, இப்பகுதி மாணவர் எழுதிய வாசிப்புக் குறிப்புகளில் தேர்ந்தவற்றையும் ஒரு சிறு தொகுப்பாக அச்சிட வேண்டும். திருத்தம் எழுத்துப் பிழையோடு நிற்க வேண்டும், கருத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் தொகுப்புக்கு ஒரு நாவலும் ஒரு கவிதையும் போதும். நாவலாகக் 'குடை நிழ'லையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். கவிதையைத் தாளில் பெயரில்லாமல் தருவோம். ஒன்பதாம் தரத்துக்கு மேற்பட்ட யாரும் எழுதலாம், எந்த மொழிமூலம் படித்தாலும் சரி, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. பெற்றோரில் யாரிடமாவது பழைய பாடசாலை மலர்களோ தமிழ்மன்றச் சஞ்சிகைகளோ இருந்தால், கரையான் அரித்த பிரதியானாலும் பரவாயில்லை, வாயிலில் இருக்கும் மேசையில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். வாங்கி, பிரதியெடுத்து, அப்படியே திருப்பித் தருவார்கள்.